கல் தூண், பாட்டியின் முகம், அரக்குப் பட்டு: எடிட்டிங்கில் நுணுக்கத்தை எடுத்துக்காட்டுவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் தூண்கள், பாட்டியின் முகம், அத்தை வீட்டிலிருந்தே விற்கும் பட்டுப் புடவைகள் என்று மூன்று வகைப் படங்கள். தூணும் பாட்டியும் பழைய டி.எஸ்.எல்.ஆரில், கூடவே வந்த 18-55 லென்ஸில், ரா ஃபைலாக (கேமரா எதையும் திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பாக) எடுத்தவை. புடவைகள் போனில். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளாரிட்டி, டெக்ஸ்சர், ஷார்ப்பனிங் ஸ்லைடர்கள் மூன்றையும் கடைசிவரை தள்ளிப் பார்த்தாயிற்று. கல் சிமென்ட் பூசியதுபோல இருக்கிறது, பாட்டிக்குப் பத்து வயது கூடிவிட்டது, ஜரிகை வெள்ளைத் திட்டாகிவிட்டது, புடவையின் சிவப்பில் மடிப்பே தெரியவில்லை. போட்டோஷாப் வாங்கினால் சரியாகுமா?

வாங்காமலே பெரும்பாலும் சரியாகும். மூன்று படத்திலும் சிக்கல் வேறு வேறு. நீங்கள் மூன்றுக்கும் அதே ஸ்லைடர்களை அதே மாதிரி தள்ளியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நான் பெங்களூரில் சிக்பேட்டைப் பக்கம் உள்ள புடவைக் கடைகளுக்குப் படம் எடிட் செய்து கொடுப்பவன். அதனால் புடவை விஷயத்தில் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த ஸ்லைடர்கள் உள்ளே என்ன செய்கின்றன என்று பார்த்துவிடுவோம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இடங்களில் ஒன்று கொஞ்சம் வெளிச்சமாகவும் மற்றது கொஞ்சம் இருட்டாகவும் இருந்தால், அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டுகின்றன. கணக்கு எளிது. படத்தை ஒரு நகல் எடுத்து அதை மங்கலாக்குங்கள். அசலிலிருந்து அந்த மங்கலைக் கழித்தால் மிஞ்சுவது நுணுக்கம் மட்டும். அதை மறுபடி அசலோடு சேர்த்தால் படம் எடுப்பாகத் தெரியும். டிஜிட்டல் வருவதற்கு முன்பே இருட்டறையில் இதைச் செய்தார்கள்: நெகட்டிவோடு அதன் மங்கலான பாசிட்டிவ் நகலைச் சேர்த்துவைத்துப் பிரின்ட் போடுவார்கள். போட்டோஷாப்பில் இருக்கும் அன்ஷார்ப் மாஸ்க் அதன் நேர் வாரிசு.

நகலை எவ்வளவு மங்கலாக்குகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு பிக்சல் அளவு மங்கலாக்கினால் மிஞ்சுவது முடி, நூல், கல்லின் பொடிமணிகள். ஐம்பது பிக்சல் மங்கலாக்கினால் மிஞ்சுவது தூணின் உருட்டு, சிற்பத்தின் இடுப்பு வளைவு, கன்னக் குழி. ஷார்ப்பனிங் முதல் வகை. கிளாரிட்டி இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2019 மே மாதம் லைட்ரூமுக்கு வந்த டெக்ஸ்சர் இரண்டுக்கும் நடுவில். டீஹேஸ் இந்தக் குடும்பத்தில் ஒரு தூரத்து உறவு. மூடுபனியை நீக்க வந்தது, கான்ட்ராஸ்டையும் நிறத்தையும் சேர்த்து ஏற்றிவிடும். கல்லுக்கும் முகத்துக்கும் அதைத் தொட வேண்டாம்.

ஆக ஸ்லைடரில் கை வைக்கும் முன்பு இரண்டு கேள்விகள்: எந்த அளவு நுணுக்கம் வேண்டும்? படத்தில் எந்த இடத்தில் வேண்டும்? மூன்று ஸ்லைடரையும் நூறுக்குத் தள்ளுவது, எல்லா அளவிலும் எல்லா இடத்திலும் வேண்டும் என்று கேட்பதாகும். அப்படிக் கேட்டால் கண்ணுக்கு எதுவும் தனியாகத் தெரியாது.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. அதற்கு லால்பாக் பாறையைவிட நல்ல பாடம் ஊரில் இல்லை. கெம்பேகவுடா கோபுரம் நிற்கிறதே, அந்தப் பாறைதான். சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள நைஸ் பாறை என்கிறார்கள் புவியியலாளர்கள். அதில் வெளிர் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி ஓடும். ஒவ்வொரு பட்டைக்குள்ளும் பொடி மணிகள் மின்னும். காலை வெயிலில் ஒரு படம் எடுத்து மூன்று நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கிளாரிட்டி மட்டும் 60, ஒன்றில் டெக்ஸ்சர் மட்டும் 60, ஒன்றில் ஷார்ப்பனிங்கை மட்டும் 100. கிளாரிட்டியில் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நிற்கும், மணிகளில் பெரிய மாற்றம் இருக்காது. டெக்ஸ்சரில் மணிகள் எழும்பும், பட்டைகள் இருந்தபடி இருக்கும். ஷார்ப்பனிங்கில் தூரத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் மணிகளின் விளிம்பு கூர்மையாகியிருக்கும், ஓரத்தில் வானம் இருந்தால் அதில் புள்ளி புள்ளியாக நாய்ஸ், அதாவது காட்சியில் இல்லாத பொடிப் புள்ளிகள், கிளம்பியிருக்கும். இந்த மூன்றையும் கண் ஒருமுறை பழகிக்கொண்டால் பிறகு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இப்போது உங்கள் தூண் படம். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஹைலைட்ஸ் (வெளிச்சப் பகுதி) மைனஸ் 100, ஷேடோஸ் (நிழல் பகுதி) பிளஸ் 100 என்று இருக்கிறது. உங்கள் கல் சிமென்ட் ஆனதற்கு முதல் காரணம் அதுதான். யூடியூப் பாடங்களில் பாதிப்பேர் இதைத்தான் முதல் படியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கல்லின் சொரசொரப்பு நம் கண்ணுக்குத் தெரிவதே ஒவ்வொரு மேட்டின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் இருப்பதால்தான். ஹைலைட்ஸைக் கீழே இழுத்து ஷேடோஸை மேலே தள்ளினால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிடும். அப்படி நிழலை அழித்துவிட்டு, அதே நிழலைத் திரும்பக் கொண்டுவரக் கிளாரிட்டியிடம் போகிறோம். கிளாரிட்டி தன் கணக்குப்படி கொண்டுவரும். அது வெயில் விழுந்த கணக்கு இல்லை. அதனால்தான் செயற்கையாகத் தெரிகிறது.

இரண்டையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஹைலைட்ஸ் மைனஸ் 20, 30 வரை போகலாம், வெளிச்சமான இடம் வெறும் வெள்ளையாகிவிடாமல் இருந்தால் போதும். நிழல் கொஞ்சம் கறுப்பாகவே இருக்கட்டும். பிறகு டோன் கர்வில் (இருட்டு முதல் வெளிச்சம் வரை எவ்வளவு ஏற்றி இறக்குவது என்று காட்டும் கோட்டில்) நடுப்பகுதியை லேசாகச் செங்குத்தாக்குங்கள். கல்லின் டோன்கள் பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கும். அங்கே கோடு செங்குத்தாக ஆக, கல்லின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் விலகி நிற்கும். இதைச் செய்த பிறகு பல படங்களுக்குக் கிளாரிட்டி 10, 15க்கு மேல் தேவைப்படாது. டெக்ஸ்சர் 25, 30 கொடுக்கலாம்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. உச்சி வெயிலிலும், கேமராவுக்குப் பின்னாலிருந்து நேராக விழும் வெளிச்சத்திலும் எடுத்த தூணுக்கு எந்த மென்பொருளும் பெரிதாக உதவாது. காலையிலோ மாலையிலோ வெயில் தூணின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் நேரமாகப் பாருங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெங்களூரில் வானம் பாதி நாள் மூடிக்கிடக்கும். அந்த மாதங்கள் புடவைக்கும் முகத்துக்கும் நல்லவை, கோயிலுக்கு ஆகாது. லென்ஸை எஃப் 8ல் வையுங்கள் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும்). எஃப் 16, 22 என்று மூடினால் எல்லாம் ஃபோகஸில் வரும் என்று நினைப்போம். துளை சிறிதாகச் சிறிதாக ஒளி சிதறுவதால் மொத்தப் படமும் மெல்ல மங்கும். அந்த மங்கலை ஷார்ப்பனிங்கில் ஓரளவுக்குத்தான் மீட்கலாம்.

சரி, ஷார்ப்பனிங் பெட்டிக்கு வருவோம். லைட்ரூமில் அதிகம் பேர் தொடாமல் விடும் இடம் இதுதான், நான் அதிக நேரம் செலவிடும் இடமும் இதுதான். நான்கு ஸ்லைடர்கள். ரா ஃபைலைத் திறந்ததும் அமவுண்ட் 40, ரேடியஸ் 1.0, டீடெய்ல் 25, மாஸ்கிங் 0 என்று நிற்கும். ஜேபெக்கை, அதாவது போனில் வழக்கமாகக் கிடைக்கும் படக் கோப்பை, திறந்தால் அமவுண்ட் பூஜ்ஜியத்தில் இருக்கும், ஏனென்றால் கேமராவோ போனோ ஏற்கெனவே ஷார்ப்பனிங் செய்துதான் ஜேபெக்கைக் கொடுக்கிறது. போன் படத்துக்கு மேலே நீங்கள் போட்டது இரண்டாவது சுற்று. ஜரிகை ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு வந்தது அதனால்தான்.

கீபோர்டில் ஆல்ட் விசையை, மேக் என்றால் ஆப்ஷன் விசையை, அழுத்திக்கொண்டே இந்த ஸ்லைடர்களை நகர்த்திப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையாகி, அந்த ஸ்லைடர் எதைத் தொடுகிறது என்பதை மட்டும் காட்டும். மாஸ்கிங்கில் இது மிகவும் உதவும்: வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும் ஷார்ப்பனிங் விழும், கறுப்பான இடம் தொடப்படாது. கல்லுக்கு மாஸ்கிங் 0லிருந்து 20 போதும், எல்லா இடமும் சொரசொரப்புதானே. முகத்துக்கு 70, 80 வரை போங்கள். கண், புருவம், மூக்குத்தி, தலைமுடி மட்டும் வெள்ளையாக மிஞ்சி, கன்னமும் நெற்றியும் கறுப்பாகிவிடும்.

ரேடியஸ், விளிம்பின் இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் வெளிச்சமும் இருட்டும் ஏற்ற வேண்டும் என்பது. நூல், கல்மணி போன்ற பொடி விஷயங்களுக்கு 0.7, 0.8, முகத்துக்கு 1.2 அல்லது 1.3. இதைக் கூட்டினால் தூணுக்கும் வானத்துக்கும் நடுவில் வெள்ளைக் கோடு ஓடும். டீடெய்ல் ஸ்லைடரைக் கீழே வைத்தால் அழுத்தமான விளிம்புகள் மட்டும் கூர்மையாகும். மேலே போகப் போகப் பொடி நுணுக்கமும் வரும், நாய்ஸும் கூட வரும். கல்லுக்கு 45, 50. முகத்துக்கு 10, 15. அமவுண்ட் 50, 60க்கு மேல் நான் அரிதாகவே போவேன். இதையெல்லாம் 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். திரைக்குள் அடங்கிய அளவில் பார்த்து ஷார்ப்பனிங் போடுவது கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான்.

நாய்ஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோயில் மண்டபத்துக்குள் ஐ.எஸ்.ஓ 3200ல் எடுத்திருக்கிறீர்கள். ஐ.எஸ்.ஓ என்பது கேமராவின் ஒளி உணர்திறன் அமைப்பு, அதைக் கூட்டினால் நாய்ஸும் கூடும். மென்பொருளுக்குக் கல்லின் மணியும் நாய்ஸின் புள்ளியும் ஒன்றுதான், இரண்டும் பொடி அளவிலான வெளிச்ச வித்தியாசம். அதனால் நாய்ஸை முதலில் குறைத்துவிட்டுப் பிறகு டெக்ஸ்சருக்குப் போங்கள். 2023ல் லைட்ரூமுக்கு வந்த ஏஐ டீநாய்ஸ் இந்த வேலைக்கு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அளவை 50க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் கல் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும்.

ஏஐ என்றதும் இன்னொன்று. மங்கலான படத்தைப் பெரிதாக்கி நுணுக்கத்தை வரவழைக்கும் செயலிகள் இப்போது நிறைய. அவற்றில் சில, படத்தில் இருப்பதை எடுத்துக்காட்டாமல், இருந்திருக்கும் என்று தாங்கள் நினைப்பதை வரைந்துவிடும். சிற்பத்தின் விரல்களிலும் ஆபரணங்களிலும் இதை நானே பார்த்திருக்கிறேன். கல்வெட்டில் இது ஆபத்து. டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது தெரிந்திருக்கும். நம் ஆட்கள் பலர் அங்கே போய்ப் படமெடுத்து வருவார்கள். தேய்ந்துபோன எழுத்து ஒன்றைச் செயலியிடம் கொடுத்தால் அழகான கூர்மையான எழுத்துபோல ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும், ஆனால் அது கல்லில் இருந்த எழுத்து என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. கல்வெட்டுக்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

கல்வெட்டுக்கு நல்ல வழி டார்ச்தான். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, இருட்டில், டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்து இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று எடுங்கள். ஒரு கோணத்தில் மறைந்த வெட்டு இன்னொரு கோணத்தில் எழுந்து நிற்கும். இந்த யோசனையையே கணக்காக்கி, பல கோண வெளிச்சப் படங்களிலிருந்து மேற்பரப்பின் மேடு பள்ளத்தைக் கணிக்கும் முறையை எச்.பி. ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழு 2001ல் வெளியிட்டது. அருங்காட்சியகங்களில் பழைய களிமண் பலகை, நாணயங்களைப் படிக்க இன்றும் அது பயன்படுகிறது. பெங்களூரிலேயே மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு ஊரின் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேனரில் பதிவு செய்துவருகிறது. அந்த முறையில் வெளிச்சத்தைக் கணினிக்குள்ளேயே வேண்டிய பக்கம் திருப்பிப் பார்க்கலாம்.

பாட்டி படத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளாரிட்டியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கிளாரிட்டி தொடும் அளவும், கண்ணுக்குக் கீழுள்ள பை, கன்னத்துக் குழி, கழுத்துச் சுருக்கம் ஆகியவற்றின் அளவும் ஒன்றே. அதனால்தான் வயது கூடுகிறது. டெக்ஸ்சர் 10, 15 வைத்தால் மெல்லிய ரேகைகள் தெரியும், முகம் கனக்காது. பிறகு பிரஷ் எடுத்துக் கண்மணி, புருவம், நரைமுடி, காதுத் தோடு இவற்றில் மட்டும் டெக்ஸ்சரை 30 அளவுக்கு ஏற்றுங்கள். பார்ப்பவரின் கண் அங்கே போய்ப் படத்தையே தெளிவானதாக எடுத்துக்கொள்ளும்.

கறுப்பு வெள்ளையாக மாற்றுவதாக இருந்தால் இன்னும் ஒரு வசதி உண்டு. தோலின் நுணுக்கம் சிவப்பில் குறைவாகவும் நீலத்தில் அதிகமாகவும் பதிவாகும். பி அண்ட் டபிள்யூ மிக்ஸரில் ஆரஞ்சு, சிவப்பு ஸ்லைடர்களைக் கீழே இறக்கினால் ரேகைகள் எழும். ஏற்றினால் தோல் வழவழப்பாகும். ஷார்ப்பனிங்கைத் தொடாமலே முகத்தின் சொரசொரப்பை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஃப்ரீக்குவென்சி செபரேஷன் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். படத்தை மங்கலான நிற அடுக்கு, நுணுக்க அடுக்கு என்று இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தொடாமல் மற்றதைத் திருத்தும் முறை அது. போட்டோஷாப்பில் மேல் அடுக்கில் அப்ளை இமேஜ் எடுத்து, 8 பிட் படமென்றால் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128 கொடுத்து, அடுக்கை லீனியர் லைட்டில் வைப்பார்கள். கல்யாண ஆல்பத்தில் மேக்கப் திட்டுகளைச் சரிசெய்ய நல்ல கருவி. பாட்டிக்கு எதற்கு?

இனி புடவை. பட்டுப் புடவையைப் படமெடுப்பதில் மூன்று தொல்லைகள், மூன்றுமே ஷார்ப்பனிங்கால் கூடுமே தவிர குறையாது.

முதல் தொல்லை சிவப்பு. அரக்கு, மெரூன், ரத்தச் சிவப்பு எதுவானாலும் படத்தில் மடிப்புகள் காணாமல்போய் ஒரே சாயமாகத் தெரியும். இதற்குக் காரணம் சென்சாரிலேயே இருக்கிறது. கோடாக்கில் வேலைபார்த்த பிரைஸ் பேயர் 1976ல் காப்புரிமை பெற்ற அமைப்பைத்தான் பெரும்பாலான கேமராக்கள் இன்றும் பயன்படுத்துகின்றன: நான்கு புள்ளியில் இரண்டு பச்சையைப் பார்க்கும், ஒன்று சிவப்பை, ஒன்று நீலத்தை. ஆக 24 மெகாபிக்சல் கேமராவில் சிவப்பைப் பார்க்கும் புள்ளிகள் 60 லட்சம்தான். சிவப்புப் புடவையில் வெளிச்சம் பெரும்பாலும் சிவப்பில்தான் வருகிறது. அந்தச் சேனல் (படத்தின் சிவப்புப் பங்கு) உச்சிக்குப் போய் முட்டிக்கொண்டால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே எண்ணாகிவிடும். ஒரே எண்ணாக இருக்கும் இடத்தில் டெக்ஸ்சர் ஸ்லைடருக்குப் பெரிதாக்க எதுவுமே இல்லை.

எனவே எடுக்கும்போதே எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள். ஹிஸ்டோகிராமில் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடத்தில்) மொத்தத்தைப் பார்க்காமல் சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். ரா ஃபைல் என்றால் லைட்ரூமில் புரொஃபைலை அடோபி கலரிலிருந்து அடோபி நியூட்ரலுக்கு மாற்றினாலே பல நேரம் மடிப்புகள் திரும்பி வந்துவிடும். பிறகு கலர் மிக்ஸரில் சிவப்பின் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) 10, 15 குறைத்து, லூமினன்ஸையும் (அந்த நிறத்தின் வெளிச்சத்தையும்) லேசாக இறக்குங்கள். புடவை வெளிறிவிடும் என்று அத்தை பயப்படுவார். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுங்கள்: அசல் புடவைக்கு நெருக்கமாக இருப்பது இதுதான். சிட்டி மார்க்கெட்டில் செண்டுமல்லிக் குவியலைப் படமெடுப்பவர்களுக்கும் இதே தொல்லைதான், இதே வழிதான். இதழ் இதழாகத் தெரியவேண்டிய பூ மஞ்சள் உருண்டையாகத் தெரிந்தால் கிளாரிட்டியைத் தேடாமல் சாச்சுரேஷனைக் குறைத்துப் பாருங்கள்.

அதிலும் வரவில்லையென்றால் பழைய ரீடச்சர்களின் ஒரு வித்தை இருக்கிறது. சிவப்புச் சேனலில் தொலைந்த மடிப்பு பச்சைச் சேனலில் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். சேனல்ஸ் பகுதியில் பச்சையை மட்டும் தேர்ந்து, காப்பி செய்து, படத்தின் மேல் புதிய அடுக்காக ஒட்டி, அதை லூமினாசிட்டி முறைக்கு மாற்றி, ஒபாசிட்டியை 20 அல்லது 25 சதவீதம் வையுங்கள். நிறம் மாறாது, நெசவு எழுந்துவிடும். கொஞ்சம் இருட்டும், கர்வில் ஏற்றிக்கொள்ளலாம். இது லைட்ரூமில் முடியாது. போட்டோஷாப்போ, உலாவியிலேயே இலவசமாக ஓடும் போட்டோபீயோ வேண்டும்.

இரண்டாவது தொல்லை மொய்ரே. அசலில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் புடவையின் உடல் பகுதியில் ஓடும். நூலின் இடைவெளியும் சென்சார் புள்ளிகளின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றாகும்போது இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று மோதி உண்டாக்கும் மாயம். கோணத்தையோ தூரத்தையோ கொஞ்சம் மாற்றி எடுத்தால் மறையும். அரை அடி பின்னால் நகர்ந்தாலே சில சமயம் போதும். திரையில் பார்க்கும்போது 100 சதவீதத்தில் பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள், சிறிதாக்கிப் பார்க்கும்போது திரையே பொய்யான மொய்ரேயை உண்டாக்குவதுண்டு. உண்மையாகவே இருந்தால் லைட்ரூம் பிரஷ்ஷில் மொய்ரே ஸ்லைடரை ஏற்றி அந்த இடத்தில் மட்டும் பூசுங்கள். நிற அலை போய்விடும். மொய்ரே இருக்கும் இடத்தில் டெக்ஸ்சரை ஏற்றவே கூடாது.

மூன்றாவது ஜரிகை. கண்ணாடிபோல வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் நேர் ஃபிளாஷில் வெள்ளைத் திட்டாகிவிடும். ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வாங்குங்கள். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டைக்குப் பதில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தினால் ஜரிகையின் ஒவ்வொரு இழையின் ஓரத்திலும் ஒரு கருங்கோடு விழும். பொன்னிறம் பொன்னிறமாகத் தெரிவது அந்தக் கருங்கோட்டால்தான். எடிட்டிங்கில் பார்டர், முந்தானை மேல் மட்டும் ஒரு மாஸ்க் போட்டு ஹைலைட்ஸ் மைனஸ் 30, டெக்ஸ்சர் 35. உடல் பகுதியில் டெக்ஸ்சர் 10க்கு மேல் வேண்டாம், பட்டின் வழவழப்பு போய்ப் பருத்திபோல ஆகிவிடும். வாங்குபவர் புடவையைக் கையில் பிரித்ததும் படத்துக்கும் பொருளுக்கும் வித்தியாசம் சொல்வார். திரும்பி வரும் புடவைகளில் நான் கேட்கும் புகார்களில் நிறத்துக்கு அடுத்தது இதுதான்.

போனிலேயே எடிட் செய்வதென்றால் ஸ்னாப்சீட் செயலியின் டீடெய்ல்ஸ் கருவியில் ஸ்ட்ரக்சர், ஷார்ப்பனிங் என்று இரண்டு உண்டு. போன் ஏற்கெனவே ஷார்ப்பனிங் செய்துவிட்டதால் இரண்டாவதைத் தொடாமல், ஸ்ட்ரக்சரை மட்டும் 10, 15 வையுங்கள். உங்கள் போனில் ரா வசதி இருந்தால் அதில் எடுப்பது இன்னும் நல்லது. ஆனால் அத்தை தினமும் இருபது புடவை போட வேண்டும் என்றால் அது நடைமுறைக்கு ஒத்துவராது, ஜேபெக்கே இருக்கட்டும்.

படத்தை வெளியே அனுப்பும்போது கடைசியாக ஒரு சுற்று ஷார்ப்பனிங் உண்டு. பெரிய படத்தைச் சிறிதாக்கும்போது பொடி நுணுக்கம் கரையும், அதை ஈடுகட்டத்தான் இது. லைட்ரூம் எக்ஸ்போர்ட் பெட்டியில் ஸ்கிரீன், மேட், கிளாசி என்று கேட்கும். திரைக்கு ஸ்கிரீன், ஸ்டாண்டர்ட் போதும். காகிதத்தில் மை பரவுவதால் பிரின்ட்டுக்குக் கொஞ்சம் தூக்கலாக வேண்டும். திரையில் மிகையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கி அழுத்திவிடும், நெசவு முதலில் பலியாகும். எச்.டி. தேர்வில் அனுப்புங்கள். யாராவது ஜரிகையை நெருக்கத்தில் பார்க்கக் கேட்டால் அந்த ஒரு படத்தை மட்டும் டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும். முழுப் புடவைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்வதைவிட, பார்டரைத் தனியாகக் கிட்டே போய் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புவது எப்போதுமே நல்ல பலன் தரும்.

போட்டோஷாப் கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு வேண்டாம். மேலே சொன்னதில் பச்சைச் சேனல் வித்தை தவிர எல்லாமே உங்களிடம் இருக்கும் லைட்ரூமிலேயே நடக்கும். லைட்ரூம் சந்தாவும் பாரமாக இருந்தால் டார்க்டேபிள், ரா தெரப்பீ இரண்டும் இலவசம். டார்க்டேபிளில் லோக்கல் கான்ட்ராஸ்ட் என்பது கிளாரிட்டி செய்யும் வேலையைச் செய்யும். கான்ட்ராஸ்ட் ஈக்வலைசர் பொடி முதல் பெரிது வரை ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் விடும். கற்றுக்கொள்ள ஒரு வாரம் திணறுவீர்கள், மெனுக்கள் அப்படி.

கிம்ப் என்ற இலவச மென்பொருளையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அதில் ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ் பகுதியில் வேவ்லெட் டீகம்போஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு படத்தைக் கொடுத்தால் பொடி நுணுக்கம் ஓர் அடுக்கு, அதைவிடப் பெரியது இன்னோர் அடுக்கு என்று ஐந்து அடுக்காகவும், மிச்சமுள்ள மங்கலை ஆறாவதாகவும் பிரித்து வைக்கும். பாட்டி படத்தை அதில் போட்டு, அடுக்குகளின் கண் குறியை ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் பாருங்கள். எந்த அடுக்கை அணைத்தால் கண்ணுக்குக் கீழுள்ள பை மறைகிறது, எதை அணைத்தால் புருவ முடி மறைகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் லைட்ரூமுக்குத் திரும்பி வந்தால் எந்த ஸ்லைடரில் கை வைக்க வேண்டும் என்று என்னைக் கேட்க மாட்டீர்கள்.